புளித்த பீரும் பழி சுமக்கும் வாளியும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு ஈடு கெட்டுப்போனால் அதைக் கொட்டிவிடுவது பெரிய பாடு இல்லை. இருபது லிட்டர் போயிற்று, மூன்று வாரக் காத்திருப்பும் போயிற்று, அவ்வளவுதான். சங்கடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பீர் நொதித்த வாளி, அதன் அடியில் இருக்கும் குழாய்த்திருகு, பீரை இறக்கிய ரப்பர் குழாய், மூடியில் செருகிய ஏர்லாக், நாற்பது ஐம்பது பாட்டில்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. இனி இவற்றை நம்பலாமா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. பிளாஸ்டிக்கில் உள்ள எல்லாவற்றையும் தூக்கிப்போடு என்பது ஒன்று. இருப்பதிலேயே கடுமையான மருந்தை வாங்கி ராத்திரி முழுக்க ஊறவை என்பது மற்றொன்று. இரண்டும் பயத்தில் பிறந்தவை என்பேன். முதல் பதில் ஒரு பாவமும் அறியாத வாளியைத் தெருவில் வீசிவிட்டுக் குற்றவாளியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. இரண்டாவது, அழுக்கின் மேலேயே மருந்தை ஊற்றி, அடியில் இருக்கும் கிருமியைப் பத்திரமாக விட்டுவைக்கிறது. கிருமி எங்கே குடியிருந்தது என்று முதலில் தேட வேண்டும். கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிக் கழுவ வேண்டும். கண்ணுக்கும் பிரஷ்ஷுக்கும் கொதிநீருக்கும் எட்டாத சில்லறை உறுப்புகளை மட்டும் மாற்ற வேண்டும். மருந்துக்கு வேலை இதற்கெல்லாம் கடைசியில்தான்.

இந்தப் பழக்கத்தோடு பரிச்சயம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பிரிட்டனில் ஒரு காலத்தில் வீட்டு பீருக்கும் உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் தன் பட்ஜெட்டில் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு போன பிறகும் வீட்டு பீர் சட்டவிரோதமாகவே நீடித்தது. ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகே, வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன் வரை விற்காமல் தன் வீட்டுக்கென்று காய்ச்சிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருப்பதால் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். இங்கிருந்து படிப்பவர்கள் இதை நுண்ணுயிர்களின் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம். லண்டனிலோ சிகாகோவிலோ இருப்பவர்களுக்கு நேரடியாகவே பயன்படலாம்.

செய்முறை சிக்கலானது அல்ல. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறார்கள். அதை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். நொதித்து முடிந்ததும் பாட்டிலில் அடைக்கிறார்கள். துப்புத் துலக்குகிறவருக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அடுப்பு அணையும்வரை பீரைக் கெடுக்கும் எந்தக் கிருமி விழுந்தாலும் கொதியில் செத்துவிடும். ஆகவே பார்லி ஊறிய பாத்திரம், அதைக் கிளறிய கரண்டி, அரைத்த இயந்திரம் எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன. சாறு ஆறத் தொடங்கிய பிறகு அதைத் தொட்டவை மட்டுமே மிஞ்சுகின்றன. பட்டியல் இப்படிப் பாதியாகக் குறைந்த பிறகும் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் தூக்கிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்பாக, பீர் உண்மையில் கிருமியால்தான் கெட்டதா என்று பார்த்துவிடுவது நல்லது. பீரில் வரும் கெட்ட வாடை எல்லாம் கிருமியின் வேலை அல்ல. வேகவைத்த மக்காச்சோள வாடை அடித்தால் பெரும்பாலும் கொதி போதவில்லை என்று பொருள். வெண்ணெய் வாடையும் பச்சை ஆப்பிள் வாடையும் ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டு இறக்கிய பீரில் சாதாரணமாக வரும். வெயில் பட்ட பச்சைக் கண்ணாடிப் பாட்டிலில் எழும் முடைநாற்றம் வெளிச்சத்தால் வருவது, அதற்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. மேலே மிதக்கும் பழுப்பு நிற ஈஸ்ட் திட்டுகளைப் பார்த்து அலறி, நல்ல பீரைக் கொட்டிய புதியவர்கள் நிறைய. உண்மையான அடையாளங்கள் வேறு. பரப்பு முழுக்க வெள்ளையாக, சுருக்கம் விழுந்த மெல்லிய ஆடை படியும். செய்முறையில் இல்லாத புளிப்பு ஏறும். எதிர்பாராத மருந்து வாடை வரும். பீர் எண்ணெய் போலக் கெட்டித்து, ஊற்றும்போது நூல் விடும். எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். பாட்டிலில் அடைக்கும்போது 1.012 காட்டிய பீர் இரண்டு மாதம் கழித்து 1.004 காட்டினால், சாதாரண ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரையை வேறு ஏதோ உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது.

இப்படிக் கெட்ட பீர் விஷமா? அநேகமாக இல்லை. பீரின் அமிலத்தன்மை, அதில் இருக்கும் ஆல்கஹால், ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள், ஆக்சிஜன் இல்லாத நிலை ஆகிய நான்கும் சேர்ந்து மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களை வளரவிடுவதில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்திருந்தால் மட்டும் மறுபேச்சு இல்லாமல் கொட்டிவிட வேண்டும். பெரிய ஆபத்து வயிற்றுக்கு அல்ல, முகத்துக்குத்தான். மேலே சொன்னது போல 1.012இலிருந்து 1.004க்கு இறங்கிய பீர், தன் கன அளவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரியமில வாயுவைக் கூடுதலாக உண்டாக்கியிருக்கும். சாதாரண பீரில் மொத்தமாகவே இரண்டரை மடங்குதான் இருக்கும். இத்தனை அழுத்தத்துக்குச் சாதாரண பாட்டில் தாங்காது, வெடிக்கும். ஆகவே ஒரு பாட்டில் பொங்கிப் பீறிட்டால் மற்றவற்றை முதலில் குளிரவைக்க வேண்டும். அதுவும் கனத்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. கழுவுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பழியை எங்கே போடுவது என்பதில் பெரிய ஆலைகளே தடுமாறிய கதை உண்டு. 1871இல் லூயி பாஸ்டர் லண்டன் விட்பிரெட் மதுவாலைக்குப் போனார். அவர்கள் பயன்படுத்திய ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அதில் வேண்டாத உயிரிகள் கலந்திருப்பதைக் காட்டினார். ஆலையிடம் அதுவரை மைக்ராஸ்கோப் கிடையாது. ஒரு வாரத்துக்குள் ஒன்று வாங்கிவிட்டார்கள். பீரின் நோய்களுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1876இல் பாஸ்டர் ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பாடம் ஐரோப்பா முழுவதும் பரவி, பாத்திரத்தைக் கழுவு, காற்றை அண்டவிடாதே என்று ஆலைகள் கெடுபிடியாக நடந்துகொண்டன. அதற்குப் பிறகும் 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கெட்டது. அங்கே இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பாக்டீரியாவின் மேல் பழி போடுவதை விட்டுவிட்டு ஈஸ்ட்டையே சோதித்தார். ஆலை காலங்காலமாக ஒரே ஈஸ்ட் என்று நம்பி வளர்த்து வந்ததில் பல வகைகள் கலந்திருந்தன. நல்ல பீர் தரக்கூடியது அவற்றில் ஒன்றுதான். மற்றவை வெளியிலிருந்து நுழைந்த காட்டு ஈஸ்ட்டுகள். ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுக்கும் முறையை ஹான்சன் உருவாக்கினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே அது ஆலையில் பயன்பாட்டுக்கு வந்தது. உரிமையாளர் ஜே. சி. யாகோப்சன் அந்த ஈஸ்ட்டைப் போட்டி ஆலைகளுக்கும் தாராளமாகக் கொடுத்தார்.

பாத்திரங்களை எவ்வளவு தேய்த்திருந்தாலும் 1883ஆம் ஆண்டின் பீர் தேறியிருக்காது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நோய் பாத்திரத்தில் இல்லை, ஒவ்வொரு முறையும் கையால் எடுத்து ஊற்றிய ஈஸ்ட்டில் இருந்தது. இன்று வீட்டில் காய்ச்சுகிறவர்களில் சிக்கனக்காரர்கள் போன ஈட்டின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை ஜாடியில் எடுத்துவைத்து அடுத்ததற்கு விடுகிறார்கள். தொடர்ந்து இரண்டு ஈடு கெட்டுவிட்டால் அவர்கள் முதலில் கொட்ட வேண்டியது அந்த ஜாடியைத்தான். புது வாளி வாங்கி அதில் பழைய ஈஸ்ட்டை ஊற்றினால் காசுதான் போகும். இன்னொரு தகவலும் இங்கே பொருந்தும். கார்ல்ஸ்பெர்க் நிலவறையில் கிடைத்த 1883ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்றிலிருந்து உயிருள்ள ஈஸ்ட்டை மீட்டு, அதைக் கொண்டு 2016இல் மறுபடியும் பீர் காய்ச்சிக் காட்டியதாக அந்த நிறுவனமே அறிவித்தது. கெட்ட பாத்திரத்தை ஆறு மாதம் பரணில் போட்டுவைத்தால் தானாகச் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி கழுவும் விஷயம். அழுக்கை நீக்குவது வேறு, மிச்சமிருக்கும் கிருமியைக் கொல்வது வேறு. கடையில் விற்கும் கிருமிநாசினிகள் இரண்டாவது வேலைக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அமெரிக்க வீடுகளில் அதிகம் புழங்கும் ஸ்டார் சான் என்பது பாஸ்பாரிக் அமிலமும் நுரைக்கும் பொருள் ஒன்றும் சேர்ந்த திரவம். லிட்டருக்கு ஒன்றரை மில்லி போதும். சுத்தமான பரப்பில் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும், அலசக்கூட வேண்டாம். ஆனால் அந்தச் ‘சுத்தமான’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி உட்கார்ந்ததும் சர்க்கரைப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள் புதைந்துகொள்கின்றன. கையால் தொட்டால் வழவழவென்று இருப்பது அதுதான். அந்தப் பசைக்குள் இருக்கும் கிருமி, தண்ணீரில் தனியாக மிதக்கும் அதே கிருமியைவிடப் பல மடங்கு மருந்தைத் தாங்கும். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த நாசினியை ஊற்றினாலும், எண்ணெய்த் தலையில் வெறும் தண்ணீரை ஊற்றிய கதைதான். மேலே இருப்பவை சாகும், அடியில் இருப்பவை அடுத்த ஈட்டுக்காகக் காத்திருக்கும்.

அந்தப் பசையைக் கரைப்பது காரம். சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைத் தூள் சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பிணைந்தது. வாசனை சேர்க்காத ஆக்சிஜன் சலவைத்தூள்களில் இருப்பதும் இதுதான். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை வெந்நீரில் கரைத்து வாளியை விளிம்புவரை நிரப்பி ராத்திரி முழுக்க விட்டால், பிரஷ் போகாத இடத்திலும் பசை உரிந்து வரும். விளிம்புவரை என்பது முக்கியம். நுரை ஏறிக் காய்ந்த கோடு எப்போதும் பீரின் மட்டத்துக்கு மேலேதான் இருக்கும், அரைவாளித் தண்ணீரில் அது நனையவே நனையாது. நீரின் சூட்டைப் பாத்திரம்தான் முடிவு செய்ய வேண்டும். எஃகு எதையும் தாங்கும். வாளிகளுக்கான கெட்டி பிளாஸ்டிக்குக்கு 60 டிகிரி சரி. குடிநீர் பாட்டில் போன்ற மெல்லிய பெட் ஜாடி அந்தச் சூட்டில் கோணிக்கொள்ளும். கண்ணாடி ஜாடி திடீர்ச் சூட்டில் பிளந்து கையைக் கிழிக்கும். பல ஈடு கண்ட எஃகுப் பாத்திரத்தில் சாம்பல் கலந்த பழுப்பில் ஒரு படிவு தெரிந்தால் அது கால்சியம் ஆக்சலேட். காரத்துக்கு அது மசியாது, அமிலக் கழுவல்தான் அதை எடுக்கும். அந்தப் படிவின் கரடுமுரடில் கிருமிகள் வசதியாகத் தங்குகின்றன என்பதால் அதை அழகுக் குறை என்று விட்டுவிடக் கூடாது.

எந்த உறுப்பில் கிருமி தங்கும் என்று ஒரே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் வால்வைத்தான் சொல்வேன். அதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். சாறு கொதிக்கும் அண்டாவின் அடியிலும் எஃகு நொதிகலனின் அடியிலும் பொருத்துகிற வால்வுக்குள் நடுவில் துளையிட்ட எஃகு உருண்டை ஒன்று இருக்கிறது. அதன் இருபுறமும் வெள்ளை டெஃப்ளான் வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் துளை குழாயோடு நேராகி வழிவிடும், மறுபடி திருப்பினால் அடைத்துக்கொள்ளும். உருண்டைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் முழுக்க மூடியிருந்தாலும் அந்தச் சந்துக்குள் எதுவும் போகாது. பாதி திரும்பிய நிலையில் மட்டும் சாறு அதற்குள் கசியும். கசிந்த இனிப்புச் சாறு, கை விரல் நுழையாத அந்த இடுக்கில், அடுத்த முறை காய்ச்சும்வரை வாரக்கணக்கில் தங்குகிறது. நல்ல பிள்ளையாக வால்வை முழுக்கத் திறந்துவைத்து உள்ளே நாசினியை ஓடவிடுகிறவரின் மருந்து உருண்டையின் துளை வழியாகப் போய்விடுகிறது, சந்தைத் தொடுவதே இல்லை. பல மாதம் கழற்றாத வால்வைக் கழற்றினால் வளையத்தின் முதுகில் பழுப்புப் பசையும், மூக்கருகே கொண்டுபோனால் காடி வாடையும் இருக்கும். மூன்று துண்டாகப் பிரியும் வால்வு என்றால் நான்கு போல்ட்டை எடுத்தால் போதும், எல்லாம் கைக்கு வந்துவிடும். பிரியாத வகை என்றால் அதை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். வாளியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்த்திருகிலும் இதே கதைதான். அதை ஒரே துண்டு என்று நினைத்தே ஆண்டுக்கணக்கில் புழங்குகிறவர்கள் உண்டு. வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்துப் பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் உள் உருளை தனியாகக் கழன்று வரும்.

வால்வுக்கு அடுத்து, வாளி மூடியின் ஓட்டையில் இருக்கும் ரப்பர் வளையம், சைஃபனின் உள்தண்டு, பாட்டில் நிரப்பும் குச்சியின் நுனியில் இருக்கும் சிறு ஸ்பிரிங். ரப்பர் குழாயைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. உள்ளே பிரஷ் போகாது, வெளிச்சமும் போகாது, விலை மிகக் குறைவு. ஒரு ஈடு கெட்டால் குழாயை மாற்றிவிட வேண்டும்.

சரி, வாளியும் மலிவுதானே, அதையும் மாற்றிவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பணத்தை மட்டும் பார்த்தால் அதற்கு மறுப்பும் கிடையாது. ஆனால் வாளியை மாற்றியவர் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகி, பழைய குழாய்த்திருகைக் கழற்றிப் புது வாளியில் பூட்டுகிறார். அடுத்த ஈடும் புளித்தால், வீட்டுக் காற்றே சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். பிளாஸ்டிக்கின் மேல் சொல்லப்படும் குற்றம் அதன் கீறல்கள். பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமன் என்பதால் கண்ணுக்குத் தெரியாத கீறலில்கூட அது பதுங்கும் என்பது வாதம். பதுங்கும்தான். ஆனால் மேல்புறம் திறந்த கீறலுக்குள் பாக்டீரியா இறங்க முடியும் என்றால் வெந்நீரும் பெர்கார்பனேட்டும் நாசினியும் இறங்கும். வால்வின் மூடிய சந்தைவிடக் கீறல் எவ்வளவோ மேல். கீறலின் உண்மையான கேடு, பிரஷ் எட்டாமல் அழுக்கு தங்கிவிடுவது. அதற்குத்தான் நீண்ட ஊறல். நகத்தால் தடவிப் பார்த்து, நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் வாளியைத் துணி நனைக்க வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது இன்னும் உழைக்கும். பச்சை நிற முரட்டு நாரை மட்டும் அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று, வாடை வேறு, கிருமி வேறு. பிளாஸ்டிக் ஹாப்ஸ் வாடையையும் புளிப்பு வாடையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவிய வாளி வாடை அடிப்பதாலேயே அதில் கிருமி உயிரோடு இருக்கிறது என்று ஆகாது.

மருந்துக்காரர்களின் வாதம் இன்னும் நேரடியானது. வலுவான ப்ளீச் எதையும் கொல்லும், பிறகு எதற்கு இந்தக் கழற்றலும் மாட்டலும்? ப்ளீச் கொல்லும்தான், எட்டுகிற இடத்தில். லிட்டருக்கு 4 மில்லி என்று கலந்து 20 நிமிடம் வைத்தால் பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் அது பயன்படும். ஆனால் நன்றாக அலச வேண்டும். மிச்சம் இருக்கும் குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி போன்ற வாடையைக் கொடுக்கும். பீர் மறுபடியும் கெட்டுவிட்டது என்று மருந்தை நம்புகிறவர் இன்னும் வலுவான ப்ளீச் தேடிப் போவார். எஃகில் ப்ளீச்சை நீண்ட நேரம் விட்டால் ஊசிக்குத்து போன்ற அரிப்புக் குழிகள் விழும், அவையே பிறகு கிருமிக்கு வீடாகும். அமிலத்தோடு ப்ளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு எழும், அதை மூடிய குளியலறையில் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டார் சானும் அமிலம்தான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் மருந்துக்காரர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த வகை அமில நாசினிகள் பாக்டீரியாவைக் கொல்லும் அளவுக்குக் காட்டு ஈஸ்ட்டையும் பூசணத்தையும் கொல்வதில்லை. கெடுத்தது காட்டு ஈஸ்ட்டாக இருக்கலாம் என்று ஹைட்ரோமீட்டர் காட்டினால், கழுவிய பிறகு ஒரு முறையாவது அயோடின் சார்ந்த நாசினிக்கு மாறுவது நல்லது. 12.5 பிபிஎம் அளவில் இரண்டு நிமிடம் போதும். அதன் பழுப்பு நிறம் வெளுத்தால் வலுவும் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மருந்துகளைவிட நம்பகமானது சூடு, ஏனென்றால் சூடு உலோகத்தின் வழியாகவே ஊடுருவிச் சந்துக்குள்ளும் போகும். பீர் ஆலைகள் பாஸ்டர் பெயரில் ஓர் அலகு வைத்திருக்கின்றன. 60 டிகிரியில் ஒரு நிமிடம் என்பது 1 அலகு. பாட்டில் பீரைப் பதப்படுத்த 15 முதல் 30 அலகு வரை கொடுப்பது வழக்கம். சூடு கூடக் கூட அலகு பாய்ந்து ஏறும். 70 டிகிரியில் ஒரே நிமிடம் ஏறக்குறைய 27 அலகுக்குச் சமம். அப்படியானால் கழற்றிக் கழுவிய வால்வின் துண்டுகளை ஒரு சட்டியில் போட்டு 15 நிமிடம் கொதிக்கவைத்தால் பீரைக் கெடுக்கக்கூடிய எதுவும் அதில் மிஞ்ச வழியில்லை. கொதியைத் தாங்கும் சில பாக்டீரிய வித்துகள் உண்டு, ஆனால் அவை பீரில் வளர்வதில்லை. கொதிநீரைத் தாங்கும் உறுப்புக்கு மருந்தைப் பற்றிய விவாதமே வேண்டாம்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பதைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். அதற்குப் பாட்டில்களே முதல் துப்பு. ஐம்பதில் இரண்டு மட்டும் பொங்கினால் அந்த இரண்டு பாட்டிலும்தான் அழுக்கு. ஐம்பதும் ஒரே மாதிரி புளித்திருந்தால் கேடு அதற்கு முந்தைய இடத்தில், அதாவது வாளியிலோ வால்விலோ குழாயிலோ ஈஸ்ட்டிலோ நுழைந்திருக்கிறது. நிரப்பத் தொடங்கிய முதல் சில பாட்டில்கள் மட்டும் கெட்டிருந்தால் வாளியின் குழாய்த்திருகைச் சந்தேகிக்க வேண்டும், அதில் தங்கியிருந்ததை முதலில் வந்த பீர்தான் அடித்துக்கொண்டு போயிருக்கும். இதற்கு மேல் உறுதி வேண்டும் என்றால் ஆலைகளில் செய்யும் ஒரு சோதனையை வீட்டுக்கும் கொண்டுவரலாம். கொதித்து முடிந்த சாற்றை, ஈஸ்ட் விடும் முன், வேகவைத்த மூன்று கண்ணாடி ஜாடிகளில் பிடிக்க வேண்டும். ஒன்றில் அண்டாவிலிருந்தே கொதிக்கக் கொதிக்கக் கரண்டியால் மொண்டு விடுவது. இரண்டாவதில் வால்வும் ஆறவைக்கும் சுருளும் கடந்து வந்த சாறு. மூன்றாவதில் கழுவிய வாளியில் சிறிது நேரம் கிடந்து வந்த சாறு. மூடியை லேசாகத் திருகி 25 முதல் 30 டிகிரி சூட்டில் மூன்று நாள் வைத்துப் பார்த்தால், எது கலங்கி நுரைக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது. முதல் ஜாடி தெளிந்திருந்து இரண்டாவதும் மூன்றாவதும் கலங்கினால் கேடு வாளிக்கு முன்பே நுழைந்திருக்கிறது. மூன்றாவது மட்டும் கலங்கினால்தான் வாளி குற்றவாளி. முதல் ஜாடியே கலங்கினால் சோதித்தவரின் கை சுத்தமில்லை, மறுபடியும் செய்ய வேண்டியதுதான். அந்தச் சாற்றை வாயில் வைக்கக் கூடாது. நொதிக்காத சாற்றுக்குப் பீரின் பாதுகாப்புகள் பெரும்பாலும் கிடையாது. மூன்றாம் நாள் பார்த்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். மெதுவாக வளரும் பிரெட்டனோமைசஸ் போன்ற ஈஸ்ட்டுகள் மூன்று நாளில் முகம் காட்டாமல் போகலாம் என்பது இந்தச் சோதனையின் குறை.

அந்தப் பெயரைச் சொன்னதும் சிலர் சண்டைக்கு வருவார்கள். பிரெட்டனோமைசஸை 1904இல் கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளௌசன் இங்கிலாந்தின் முதிர்ந்த பீர்களில் அடையாளம் கண்டபோது, அந்தப் பீர்களின் தனிச்சுவைக்கே அதுதான் காரணம் என்றார். பிரஸ்ஸல்ஸ் நகரின் கான்டிலான் போன்ற ஆலைகள் ஈஸ்ட்டே விடாமல், சாற்றை ராத்திரிக் காற்றில் திறந்துவைத்து, மரப் பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஊறவைத்து லாம்பிக் பீர் செய்கின்றன. நாம் துரத்தும் கிருமிகளைத்தான் அவர்கள் வரவேற்கிறார்கள். அப்படியானால் கெட்டது என்று எதைச் சொல்வது? இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. புளிப்பு பீர் பிடித்தவர் அந்த வாளியைக் கொட்டாமல், புளிப்பு பீருக்கென்று எழுதி ஒட்டித் தனியாக வைத்துக்கொள்ளலாம், குழாயும் திருகும் சேர்த்து. ஆனால் லாம்பிக் செய்கிறவர்கள் புளிப்பைத் திட்டமிட்டு வரவழைத்து, பல பீப்பாய்களைச் சுவைத்துக் கலக்கி, தேறாததை ஒதுக்குகிறார்கள். தற்செயலாக விழுந்த கிருமிக்கு அந்தத் தெரிவு கிடையாது. அவர்களும் பீப்பாயை வெந்நீரும் ஆவியும் விட்டுக் கழுவிய பிறகுதான் மறுபடி நிரப்புகிறார்கள். மரம் மட்டும் உண்மையிலேயே வேறு சாதி. பிரெட்டனோமைசஸ் பலகைக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கிவிடும், அங்கே பிரஷ்ஷும் மருந்தும் போகாது. கெட்ட மரப்பீப்பாயைச் சாதாரண பீருக்குத் திருப்ப நினைப்பது வீண்.

பாட்டில்களை ராத்திரி முழுக்கப் பெர்கார்பனேட்டில் ஊறவைத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடியில் வளையமாகக் கறை தெரிந்தவற்றைக் கழித்துவிடலாம். மிஞ்சியவற்றின் வாயில் அலுமினியத்தாள் சுற்றி அடுப்புப் பெட்டியில் 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் கண்ணாடி விரியும். அதற்குப் பிறகு காய்ச்சும் முதல் ஈட்டை இருபது லிட்டராகச் செய்யாமல் நான்கைந்து லிட்டராகச் செய்வது சிக்கனம். புதுப் பொட்டலத்து ஈஸ்ட், புதுக் குழாய், வேகவைத்த வால்வு, கழுவிய பழைய வாளி. பாட்டிலில் அடைக்கும் நாளன்று ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துவைத்து, மாதம் ஒரு பாட்டிலைத் திறந்து, வாயு போகும்படி கலக்கிவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். மூன்றாவது மாதமும் எண் இறங்காமல் நின்றால் அந்த வாளியில் இருபது லிட்டர் ஊற்றலாம்.